முன்வண்டி நகர்ந்த பிறகும்

எண்ணூர் ரோட்டில் மூன்று நாளாய் நின்ற
டிரெய்லர் வரிசை
விடியுமுன் கொஞ்சம் நகர்ந்தது.
உன் வண்டி நகரவில்லை.

பின்னால் நாற்பது ஹாரன்.
நானும் அடித்தேன், உன் அம்மாவை இழுத்துத் திட்டினேன்.
தூங்கிவிட்டாய் என்று
கதவைத் தட்ட ஸ்பேனரோடு வந்தேன்.

நீ தூங்கவில்லை எத்திராஜு.
இரண்டு கையும் ஸ்டியரிங்கில்.
இன்ஜின் ஓடுகிறது.
கண்ணாடிக்கு முன்னால்
முப்பதடி வெறும் ரோடு.

அப்போதுதான் பின்னோக்கி எண்ணினேன்.
வண்டியோரம் ஸ்டவ் பற்றவைத்து
நீ வைக்கும் சங்கரா மீன் குழம்பு எப்போது நின்றது?
கத்திவாக்கம் டீக்கடைக் கணக்கை
ஒரே நாளில் நீ தீர்த்தபோது
யோக்கியன் என்று மெச்சினேன்.
உன் புது ஜாக்கியை நீட்டி
"வச்சிக்க, எனுக்கு இன்னாத்துக்கு" என்றாய்.
வாங்கி வைத்துக்கொண்டேனே, பாவி.

ஏறி உன் பக்கத்தில் உட்கார்ந்தேன்.
பேசினேன், எல்லாம் தப்பாக:
ஒரு கட்டிங் போட்டா சரியாப்பூடும்,
வடிவுடையம்மனுக்கு வேண்டிக்க,
பொண்ணு மூஞ்ச நெனச்சிப் பாரு.
ஒவ்வொன்றுக்கும் உன் தலை
இன்னும் கொஞ்சம் இறங்கியது.

வாயை மூடினேன்.
பிறகு, கேட்டால் இல்லாததைக் கிளறிவிடுவேனோ என்று
பயந்துகொண்டே கேட்டேன்:
"செத்துப்பூடலாம்னு தோணுதா மச்சி?"

திரும்பிப் பார்த்தாய்.
"ரெண்டு மாசமா."

உலகம் அமைதியானது என்று சொன்னால் பொய்.
ஹாரன் கேட்டது.
யாரோ உன் டயரை உதைத்தான்.
சாவியைத் திருப்பி எடுத்து
என் சட்டைப் பைக்குள் போட்டேன்.

ஸ்டான்லியில் ஓ.பி. சீட்டு, மர பெஞ்சு,
மறுபடி ஒரு வரிசை.
நிற்பது நமக்குத் தெரிந்த தொழில்தானே.
மாத்திரை பிடிக்க மூன்று வாரம் ஆகலாம்,
நாக்கு வறளும் என்றார் டாக்டர்.
மூன்றாம் நாளே "இன்னா, சரியாய்ட்ச்சா?" என்றவன் நான்.
உன் சம்பூரணம் முறைத்தாள்.

இப்போது மாத்திரை டப்பா அவளிடம்.
ராத்திரி பத்து மணி போன் என்னுடையது.
சுங்கச் சாவடி, டீசல், செயலிழந்த கிரேன்
எதையாவது சொல்வேன்.
நீ "ம்" என்பாய்.
சில நாள் அதுவும் இருக்காது,
மூச்சு மட்டும்.
அதையும் வைத்துக்கொள்வேன்.

நேற்று, நான் பேச்சை முடிக்கும் நேரம்,
"என் ஜாக்கிய கொண்டாந்து குட்றா.
துரு புடிக்க வுட்றாத" என்றாய்.

சீட்டுக்கு அடியிலிருந்து இழுத்தேன்.
லேசாகப் பிடித்துத்தான் இருந்தது.
டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு
பழைய பனியனால் தேய்த்து
எண்ணெய் போட்டேன்.