பதினாலாம் நம்பர் அறை

கலெக்டர் ஆபீஸ் எதிரில் என் ஜெராக்ஸ் கடை.
திங்கட்கிழமைதான் கூட்டம்.
பட்டா, முதியோர் உதவித்தொகை, வாய்க்கால் தகராறு.
அந்த வரிசையில்தான் நின்றாள்
சிலைமான் பிலோமினா.

புருஷன் இன்னாசி
கடல் தாண்டிக் கம்பி கட்டப் போனவன்.
கேம்ப்பில் பதினாலாம் நம்பர் அறை.
வெள்ளி இரவு கதவைச் சாத்தி
ஏர்கூலரைச் சத்தமாக ஓடவிட்டு
பதினொரு பேர் ஜெபம் சொன்னார்கள்.
ஏழு மாதமாக உள்ளே.

"நீங்க பாய் வீட்டுப் பொண்ணு,
உங்க எழுத்துக்கு அங்க மரியாதை இருக்கும்."
இருக்காது என்று சொல்ல
வாய் வரவில்லை.
டைப் அடிக்க உட்கார்ந்தேன்.

அந்த ஊர் வக்கீல் ஹனான்
வீட்டுக் காவலில் இருந்து ஒரு வரி அனுப்பினாள்:
இங்கே தொழாதவனும் உள்ளே,
வேறு மாதிரித் தொழுதவனும் உள்ளே,
கூலி கேட்டவனும் உள்ளே.
எங்களையும் சேர்த்துக்கொள்.

சேர்த்தேன். மனு நீண்டது.
நெல்பேட்டை மீன் கடைகளில்
ஈரக் கையெழுத்துகள்;
கோர்ட் கேண்டீனில்
சாம்பார் பட்ட ஒரு பக்கம்.

துண்டு போட்ட ஒருவர் வந்தார்.
"அந்தப் பேப்பரைக் கொடும்மா, மேடையில காட்டணும்.
உங்காளுங்க லட்சணம் ஊருக்குத் தெரியட்டும்."
போன சித்திரையில்
என் பேரைக் கேட்டதும்
அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்த வீட்டுக்காரர்.
பேனாவை நீட்டினேன்.
அடிக்காத போனைக் காதில் வைத்தபடி
இறங்கிப் போனார்.

காஜிமார் தெரு மீரான் கனி
சாயங்காலம் வந்தார்.
"நம்ம வீட்டு அழுக்கை
ஊர்க்கிணத்துலயா துவைக்கிறது?"
நான் பதில் சொல்லவில்லை.
ஜெராக்ஸ் மிஷின் சொல்லிக்கொண்டிருந்தது.
பத்தொன்பது வருஷம் அங்கே தையல்காரராக இருந்தவர்,
மேஜையில் கிடந்த அரபிப் பிரதியை
சும்மா பார்ப்பதுபோல் எடுத்தார்.
கண்ணாடியைத் துடைத்தார்.
"இந்தப் புள்ளி மேல வரணும்.
கீழ இருந்தா அர்த்தமே வேற."
நான்கு இடத்தில் திருத்தினார்.
கையெழுத்துப் போடவில்லை.
டீயையும் பாதியில் வைத்துவிட்டுப் போனார்.

தலைமைத் தபால் நிலையத்தில் எடை போட்டார்கள்.
முந்நூற்றுப் பத்து கிராம்.
சுங்கப் படிவத்தில் கேள்வி:
உள்ளே என்ன பொருள்?
காகிதம்.
மதிப்பு?

"சைபர் போடுங்க, எல்லாரும் அப்படித்தான் போடுவாங்க"
என்றார் கவுண்டர்காரர்.
பிலோமினா என் கையைப் பிடித்தாள்.
"ரூம் நம்பரை எழுதுங்க.
பதினாலு."

அந்தக் கட்டத்தில் அதைத்தான் எழுதினேன்.
ரூபாயா என்று கேட்டு,
பதிலுக்குக் காத்திராமல்,
முத்திரை குத்தினார்.