தடையுறுதல், இரண்டு மதிப்பெண்

பாம்பன் பள்ளியில் இயற்பியல் ஆய்வகம் என்பது
ஒரு பீரோ.
உள்ளே ஒரு சுருள்வில் இருக்கிறது.
இழுத்தால் இழுத்தபடியே நின்றுவிடும்,
உப்புக் காற்று அதற்குச் சொல்லிக்கொடுத்தது அவ்வளவுதான்.

ஆகவே
ராத்திரி பதினோரு மணிக்கு, ராமநாதபுரத்து வாடகை அறையில்
காசு கேட்காத ஒரு தளத்திலிருந்து
கயிறு ஒன்றை இறக்கினேன்.
எட்டு எம்.பி. கயிறு.
ஒரு முனையை நாம் ஆட்டலாம்.
மறுமுனையை
கட்டலாம், தளர விடலாம்,
அல்லது முனையே இல்லாமல்
ஒரு ஜன்னல் வழியாக வெளியே அனுப்பலாம்.

பதினொன்றாம் வகுப்பு. போர்டுக்கு மேல் என் போர்வை.
திறந்ததும் அது புதுப்பிக்கச் சொன்னது.
போனை எடுத்தேன். ஒரு குறுஞ்செய்தி:
இலங்கைக்கு நல்வரவு.
"டீச்சர் அக்கரைக்குப் போயிட்டாங்க!"
வகுப்பே எழுந்து நின்று பார்த்தது.
நம்புச்செல்வி மட்டும் நிதானமாக,
"முருங்கைப் பக்கத்து ஜன்னல்ல வைங்க டீச்சர்.
அங்கதான் இந்தியா."

வைத்தேன். வந்தது இந்தியா, இரண்டு கோடு.
கயிறும் வந்தது.
போர்வையின் ஊதாப் பூக்களுக்கு நடுவே
பச்சை மணிகள் ஏறி இறங்கின.

அதிர்வெண், அலைநீளம் எல்லாம் சொன்னேன்.
கேட்டார்கள், கேட்பதுபோல.
தடையுறுதல் என்ற நகர்த்தியை
இடக்கோடிக்குத் தள்ளினேன்.
அலை முட்டித் திரும்பி, திரும்பியதும் மோதி
ஓயவே இல்லை.
வலக்கோடிக்குத் தள்ளினேன்.
நாலு மணி தாண்டுவதற்குள் படுத்துவிட்டது.

கடைசி பெஞ்சிலிருந்து சகுபர்:
"அது ஆண் கடல். இது பெண் கடல்."

அதற்குப் பிறகு அந்த வகுப்பு என்னுடையதாக இல்லை.
பாலத்துக்குத் தெற்கே வை என்றார்கள்,
வடக்கே வை என்றார்கள்,
கச்சான் காற்று எந்தப் பொத்தான் என்று கேட்டார்கள்.
அந்தப் பொத்தான் இல்லை.
"அப்ப இது குளம் டீச்சர்."
செய்தவர்கள் பாம்பனுக்கு வந்ததில்லை என்றேன்.
மன்னித்துவிட்டார்கள்.

பிரிசில்டா எழுந்து வந்து
முனையே இல்லை என்பதை அழுத்தினாள்.
ஒரே ஒரு அலையை ஆட்டி அனுப்பினாள்.
அது பூக்களைக் கடந்து
ஜன்னலுக்கு வெளியே போனது. திரும்பவில்லை.
"வெளிய போன அலை என்னாகும்?"
"கணக்கில் வராது" என்றேன்.
அவள் அதை நோட்டில் எழுதிக்கொண்டாள்.
அவள் அண்ணன் போன படகின் பதிவெண்ணை
மதியச் சாப்பாட்டின்போதுதான் யாரோ சொன்னார்கள்.

வெள்ளிக்கிழமை சிறுதேர்வு.
தடையுறுதல் என்றால் என்ன? இரண்டு மதிப்பெண்.
சகுபர் எழுதியிருக்கிறான்:
தெற்கேயிருந்து வடக்கே வருவது.

விடைக்குறிப்பில் இருப்பது வேறு:
ஆற்றல் இழப்பால் வீச்சு படிப்படியாகக் குறைதல்.
மார்ச்சில் இவன் தாள்
எந்த ஊர் மேசைக்குப் போகுமோ,
அங்கே இருப்பவர் ஒரு கடலை மட்டும் பார்த்தவராக இருந்தால்
சிவப்பில் ஒரு கோடு, அவ்வளவுதான்.
வீச்சு எங்கே? என்று ஓரத்தில் எழுதி
ஒன்று போட்டேன்.

மாலைப் பேருந்து பாலத்தில் ஏறியது.
வலப்பக்க ஜன்னலைப் பார்த்தேன்.
இடப்பக்கம் ஒரு ஆள் தூங்கிக்கொண்டிருந்தார்,
அவர் தலைக்கு மேலாகப் பார்த்தேன்,
பிறகு மறுபடி வலப்பக்கம்.
பையைத் திறந்து
ஒன்றுக்குப் பக்கத்தில் அரை சேர்த்தேன்.

மீதி அரையைப் பிடித்து வைத்திருக்கிறேன்.
அந்தச் சொல் அவனுக்குத் தெரியாததில்லை.
வீச்சு வலை ஒன்று
அவன் வீட்டு வேலியில் காய்ந்துகொண்டிருக்கிறது.