மொட்டைக் கடதாசி

உட்துறைமுக வீதியில் என் அச்சகம்.
கல்யாண அழைப்பிதழ், முப்பத்தோராம் நாள் நினைவுமலர்,
ரியூசன் விளம்பரம்.
தேர்தல் வந்தால்
பகலுக்கு ஒரு விலை, இரவுக்கு ஒரு விலை.

அழகரெத்தினம் வந்தது இரவு விலைக்கு.
ஹெல்மெற்றைக் கழற்றாமலே
மடித்த தாளொன்றை நீட்டினார்:
‘அழகரெத்தினமே, ஐஸ் பக்டரிக் காசு எங்கே?
மூன்று வள்ளத்துக்கு மானியம் எடுத்தாய்,
ஒன்றுகூடக் கடலைக் காணாதது ஏன்?
இப்படிக்கு, ஊர் நலன்விரும்பிகள்.’

வாசித்துவிட்டு நிமிர்ந்தேன்.
ஹெல்மெற் கண்ணாடியில் என் ரியூப்லைற் மட்டும் தெரிந்தது.
‘இது உங்களைப் பற்றியெல்லே அண்ணை?’
‘ரெண்டாயிரம் அடி,’ என்றார். ‘மலிவுக் கடதாசி.
எழுத்துப்பிழை ரெண்டு மூண்டு விடு.
படிச்சவன் எழுதினதெண்டு தெரியக்கூடாது.’

விட்டேன்.
நலன்விரும்பிக்கு வல்லின றகரம் போட்டேன்.

விடியுமுன்
பஸ் நிலையத் தூண்களில், மீன் சந்தைத் தராசுகளுக்கடியில்,
திருக்கடலூர்க் கரையில் கவிழ்த்துவைத்த வள்ளங்களில் அவை.
அதுவரை அவர்
உப்புக்காற்றுத் தின்ற பெயர்ப்பலகை.
அன்றைக்குத்தான் ஊர் எழுத்துக்கூட்டி வாசித்தது.
‘கள்ளன்தான். எண்டாலும் எங்கட கள்ளன்.’
‘இவ்வளவு பேர் எரியிறாங்களெண்டால்
ஆளிட்ட ஏதோ இருக்கு.’
தேத்தண்ணி ஆற ஆற அவர் வளர்ந்தார்.
கடைசிக் கூட்டத்தில், அந்தத் தாளை உயர்த்திக் காட்டி
உண்மையாகவே அழுதார்.
நகரசபையில் இப்போது
அவருக்குச் சுழல் கதிரை.

இரண்டாவது கடதாசியை யார் தந்ததென்று
சொல்லமாட்டேன்.
அந்த ஆள் ஹெல்மெற் போடவில்லை, அவ்வளவுதான்.
அதில் ஒரே ஒரு கேள்வி:
‘பின்னேரங்களில் யோகாம்பிகை இறங்குவது
யாருடைய காரில்?’
ஐந்நூறு. அதே கடதாசி, அதே மை.

யாரும் இதை உரத்து வாசிக்கவில்லை.
கையில் கொடுத்தார்கள், மடித்தார்கள்,
அடுத்தவர் கைக்கு மாற்றினார்கள்.
எரிகிறார்கள் என்று ஒருவரும் சொல்லவில்லை.
வடிகால் பற்றி, மனையாவெளிக் கிணறுகள் பற்றி
அவ பேசியதெல்லாம்
ஒரு காரின் கதவு சாத்தும் சத்தத்தில் அடிபட்டுப்போயிற்று.
கட்டுக்காசும் போயிற்று.

மூன்று கிழமை கழித்து வந்தா, பட்டப்பகலில்.
சண்டைக்கென்று நினைத்துக் கதிரையைத் துடைத்தேன்.
‘ஒரு துண்டுக்கு எவ்வளவு எடுக்கிறனீங்கள்?’
‘எட்டு ரூபா.’
‘அப்ப நாலாயிரம்.’
கொஞ்ச நேரம் மெஷினைப் பார்த்தா.
‘என்ர பேரில மகரப்புள்ளி விடுபட்டிருந்தது.’

அந்தப் பிழையை யாரும் விடச்சொல்லவில்லை.

‘மறுப்பு ஒண்டு அடிச்சுத் தாறன், காசு வேண்டாம்,’ என்றேன்.
சிரித்தா.
‘பார்க்காதவனும் கேட்பான்,
எதை மறுக்கிறா எண்டு.
கார் என்ர தம்பியின்ர.
அதை ஊருக்குச் சொல்ல
ஆரும் உங்களிட்ட இரவில வரமாட்டினம்.’

வந்தது பற்றுச்சீட்டுப் புத்தகம் அடிக்க.
கிணறு இறைக்கும் நிதி, ஐம்பது புத்தகம்.
‘பேர் போடவேண்டாம்,’ என்றா.
‘தலைவர், செயலாளர் ஒண்டும் வேண்டாம்.
கிணறு எண்டு மட்டும் போடுங்கோ.’

அவ போனபிறகு
எதிர் மதிலில் ஒரு புள்ளிமான்
கோதுமைப் பசையை நக்கிக்கொண்டு நின்றது.
மேலே அவருடையது, கீழே அவவுடையது,
இரண்டும் ஒன்றாய் உரிந்து வந்தன.
மென்றபடி என்னைப் பார்த்தது.
நான் கதவை ஒருக்களித்தேன்.

நேற்று அழகரெத்தினம் ஆள் அனுப்பியிருந்தார்.
அடுத்த தேர்தல் கிட்டுகிறதாம்.
இந்தமுறை மூவாயிரம்,
இன்னும் கொஞ்சம் காரமாய்.