பேசிக்கொள்ள வைத்த மைக்

நாலாயிரத்து இருநூறு வெள்ளி.
பதினெட்டுத் தவணை.
ஜெர்மன்காரன் செய்தது. பெட்டிக்குள் பட்டுத்துணி,
மாப்பிள்ளை மோதிரம் மாதிரி.
ரெலாவ் அடுக்குமாடியில் ஏழாவது மாடி,
அலமாரிக்கும் சன்னலுக்கும் நடுவே
அதை நிறுத்தி வைத்த அன்று
நானும் முத்தழகனும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

முதல் நாளே அது எல்லாவற்றையும் கேட்டது.
பாயான் லெப்பாசில் இறங்கும் விமானத்தை,
குளிர்பெட்டி ஒரு தடவை விக்கி அடங்குவதை,
கீழே எவனோ மோட்டார் சைக்கிளை உதைப்பதை,
மேல்வீட்டு மக்சிக் ரொகாயா
மூன்று மணிக்குச் சம்பல் இடிப்பதை.
பாட்டையும் கேட்டது, மறுப்பதற்கில்லை.
"இடியையே தாளமா வச்சிரலாம்லா" என்றான் முத்தழகன்.
முயன்றோம்.
மக்சிக் தாளத்தில் இடிப்பதில்லை.
நடுவில் நிறுத்தி யாரிடமோ போனில் சிரிக்கிறார்.

அதற்கு முன் ஆறு வருடம் என்னிடம் இருந்தது
தொண்ணூறு வெள்ளி மைக்.
பிராங்கின் மாலில் வாங்கி, துடைப்பக்கட்டையில் கட்டியது.
அதற்குக் காது மந்தம்.
ஒரு சாணுக்கு அப்பால் உலகமே கிடையாது.
அந்த மந்தத்தோடு பழகிப் பழகி
மெத்தையை எங்கே சாய்த்தால் அறை வாயை மூடும்,
'ப' வரும்போது முகத்தை எந்தப் பக்கம் திருப்பச் சொல்வது,
எந்த மூச்சை வெட்டலாம்,
எந்த மூச்சை வெட்டினால் பாடியவள் செத்துவிடுவாள்
என்பதெல்லாம் கைக்கு வந்திருந்தது.

ஆனால் பாட வருகிறவர்கள்
துடைப்பக்கட்டையைப் பார்த்ததும்
துடைப்பக்கட்டைக்குப் பாடுகிற குரலில்தான் பாடுவார்கள்.

ஆகவே இப்படிச் செய்தேன்.
ஜெர்மன்காரனை முகத்துக்கு நேரே நிறுத்தினேன்.
ஒரு மஞ்சள் விளக்கும் போட்டேன்.
கீழே, தாடைக்குப் பக்கத்தில், பழையது.
"இது எதுக்கு?" என்று கேட்டால்
"நாம பேசிக்க" என்பேன்.
பெரியதன் கம்பி மேசைக்குப் பின்னால் போகும்.
போய்,
ஒன்றிலும் சேராமல் தரையில் கிடக்கும்.

அப்புறம் வந்த பாட்டுகளைக் கேட்க வேண்டுமே!
பாலம் தாண்டி பட்டர்வொர்த்திலிருந்து வந்த தையல்கடைப் பையன்
சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொண்டு நின்றான்,
அதுவரை எட்டாத ஸ்தாயியை எட்டினான்.
கேட்டவர்கள் "எந்த மைக்?" என்றார்கள்.
பெயரைச் சொன்னேன்.
"அதானே, தெரியுது."
வேறெதுவும் யாரும் கேட்கவில்லை.
அந்த இடத்தில் தலையாட்டப் பழகிக்கொண்டேன்.

போன சனிக்கிழமை ஜெயகௌரி.
ஆலையில் பலகை சோதிக்கிற வேலை,
பன்னிரண்டு மணி நேரம் ஒயர் முனைகளையே பார்க்கிற கண்.
இரண்டாவது சரணம் முடிந்து தண்ணீர் குடித்தவள்
கம்பியைப் பார்த்துவிட்டாள்.
கண்ணாலேயே அதன் பின்னால் நடந்தாள்.
விரிப்பு. மேசைக்கால். மூலை.
நான் எதையோ திருகிக்கொண்டிருந்தேன்,
திருக எதுவும் இல்லாத இடத்தில்.

மேலே இடி நின்றிருந்தது.
திட்டுவாள் என்று நினைத்தேன்.
குனிந்து கம்பி முனையை எடுத்தாள்,
துப்பட்டாவில் தூசி துடைத்தாள்,
கிடந்த இடத்திலேயே திரும்பக் கிடத்தினாள்.
"இன்னொரு டேக் போலாமா?"
கேட்டது என்னிடம் இல்லை.
முகத்தைத் தாழ்த்தி,
பேசிக்கொள்ள வைத்த மைக்கிடம்.

இந்த முறை குரல் தணிந்திருந்தது, பிசிறும் இருந்தது.
பல்லவியில் ஒரு சிரிப்பை அடக்கிய இடம் இருக்கிறது.
முதல் டேக் சுத்தம்.
இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்கிறேன், செவ்வாய் ஆகிவிட்டது.
எதை அனுப்புவது?
பதினோரு தவணை பாக்கி.