அட்டவணையில் இருக்கும் ஆள்

வயது அறுபத்து மூன்று. எடை எழுபத்தொன்று.
உயரம் நூற்று அறுபத்தாறு. ஆண்.
பம்பு இதற்கு மேல் எதுவும் கேட்பதில்லை.
கெல்யோன் துறைமுகத்துக்காரர் என்றோ
முப்பது வருடம் கடலடியில் முள்ளெலி பொறுக்கினார் என்றோ
இடது இடுப்பெலும்பு
உள்ளுக்குள்ளேயே இற்றுப்போய்விட்டது என்றோ
எழுத அதில் இடமில்லை.

சீலோவே தீவில் நேற்றிலிருந்து ஒரே மழை.
ரெமிஹியோ மில்யாலோங்கோ மேசையில் படுத்தபடி
ஊசிக்குழலின் வெள்ளையைப் பார்த்து
"பாலா?" என்றார்.
சோயா எண்ணெய், கொஞ்சம் முட்டைக்கரு,
அதில் கரைந்த தூக்கம் என்றேன்.
"எவ்வளவு போகும்?"
அதைக் கணினி பார்த்துக்கொள்ளும்.
"என் ரத்தத்தைத் தொட்டுப் பார்த்தா?"
இல்லை. கணக்குப் போட்டு.
ரத்தம் ஒரு தொட்டி, தசை இன்னொன்று,
கொழுப்பு மூன்றாவது.
எதிலிருந்து எதற்கு எவ்வளவு கசியும் என்று
பத்து விநாடிக்கு ஒரு முறை.

சிரித்தார். மேல்வரிசையில் ஒரு பல் ஆடியது,
குறித்துக்கொண்டேன்.

"எங்களிடமும் ஓர் அட்டவணை இருந்தது, டாக்டர்.
எத்தனை பாகம் ஆழம், எத்தனை நிமிடம்,
ஏறும்போது எங்கெங்கே நிற்க வேண்டும்.
சீக்கிரம் காற்று நிறையும் சதை,
மெதுவாக நிறையும் எலும்பு, எல்லாம் உண்டு.
கம்ப்ரஸர் மேல் ஒட்டிவைத்திருந்தோம்.
ஆனால் அதில் ஏறி வருகிற ஆள் நானில்லை.
அவனுக்குக் குளிராது.
அவனுக்காகக் கரையில் லாரிக்காரன்
ஹாரன் அடித்துக்கொண்டு நிற்க மாட்டான்."

யாஸ்னா முகமூடியை வைத்தாள்.
இலக்கு நான்கு. பொத்தானை அழுத்தினேன்.

முதலில் ஒரு பாய்ச்சல்.
பிறகு பம்பு சும்மா இருந்தது.
புதிதாக வருபவர்கள் இங்கேதான் பயப்படுவார்கள்.
பழுதில்லை; போட்டது போய்ச் சேரட்டும் என்று காத்திருக்கிறது.
திரையில் ரத்தம் ஒரு கோடு,
அதைத் துரத்தும் கோடு மூளை.
இரண்டும் தொடுவதற்கு வெகு முன்பே
அவர் இமை இறங்கிவிட்டது.
ரத்த அழுத்தமும்.
இலக்கை மூன்றாக்கினேன், பிறகு இரண்டே முக்காலாக,
அட்டவணைக்குத் தெரியாமல்
அவரோடு மட்டும் பேரம் பேசுவதுபோல.

சுத்தியல். ரம்பம். சுட்ட எலும்பின் வாடை.
அறுவை மருத்துவர் கால்பந்து பற்றிப் பேசினார்.

நிறுத்தியதும் திரை சொன்னது:
விழிக்க ஏழு நிமிடம் இருபது விநாடி.
ஏழு ஆயிற்று. ரெமிஹியோ, என்றேன்.
பத்து. யாஸ்னா என்னைப் பார்த்தாள்.
மூச்சு சீராக, அவசரமே இல்லாமல் வந்துபோனது.
எங்கோ நின்றுகொண்டிருக்கிறார்,
ஆறு பாகத்தில் ஒரு முறை,
மூன்று பாகத்தில் இன்னொரு முறை.
முப்பது வருடம் நிற்காத இடங்களில்.

பதின்மூன்றாம் நிமிடம் கண் திறக்காமலே கேட்டார்:
"மேலே குழாயை யார் பிடித்திருக்கிறது?"
நான்தான், என்றேன்.
குனிந்து பார்த்தால்
நிஜமாகவே பிடித்திருந்தேன்.

கட்டிலைத் தள்ளிக்கொண்டு போன பிறகு
பம்பு கேட்டது: அதே நோயாளியா, புதியவரா?
புதியவர் என்று அழுத்தினேன்.
எழுபத்தொரு கிலோ,
நூற்று அறுபத்தாறு சென்டிமீட்டர்,
ஏழு நிமிடம் இருபது விநாடியில்
ஒழுங்காக விழித்துவிட்ட ஒருவன்
திரையிலிருந்து அழிந்தான்.

தாழ்வாரத்தில் மற்றவர்
காப்பி கேட்டுச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்.