அவுட்பொக்ஸில் ஒன்று

முதலில் மெயிலை மூடவேண்டும்.
திறந்து கிடக்கும் கோப்பை அசைத்தால்
நெல் கொட்டக் கொட்ட இழுத்த சாக்குப் போல
பாதி உள்ளே, பாதி நிலத்தில்.

டிலக்சன் கதிரையை இழுத்துப் போட்டுக் கேட்கிறான்:
"அக்கா, கட் பண்ணி அங்கால பேஸ்ட் பண்ணினா
கெதியா முடியுமெல்லோ?"
வெட்டாதையடா, படியெடு.
இடையில் கரண்ட் நின்றால்
இங்கேயும் இராது, அங்கேயும் இராது.
டிரக்டர் பெட்டியில் ஏற்றிய தையல் மெஷினை
பாதி வழியில் இறக்கிவிட்டு நடந்தவள் நான்.
அவனுக்கு அப்போது நாலு வயது.

மல்லாவி. பங்குனி வெயில். பதினொரு மணி.
விதைநெல் சங்கத்தின் ஒற்றை அறைக்குள்
பழைய டெஸ்க்டொப் இரைகிறது,
மூடியைக் கழற்றித் தட்டியபோது
ஒரு சிரட்டை செம்மண் வந்தது.
பக்கத்தில் புது லப்டொப்.
திரையில் ஒட்டின பிளாஸ்ரிக்கை உரிக்க
அருந்தவநாதன் சேருக்கு இன்னும் மனமில்லை.

நடுவில் ஹாட் டிஸ்க், சவர்க்காரக் கட்டி அளவு.
அதற்குள் இறங்குகின்றன
ஒன்பது வருடக் கடிதங்கள்:
ஆட்டக்காரி எத்தனை மூடை,
கபிலத் தத்தி விழுந்த போகம்,
குளம் வான் பாய்ந்த கிழமை எழுதிய நட்டஈட்டு மனு,
"இணைப்பைக் காணவில்லை" என்று
கொழும்பிலிருந்து மூன்றுதரம் வந்த ஒரே பதில்.
பச்சைக் கோடு ஊர்கிறது.
யூபிஎஸ் ஒருக்கால் கத்தியது. மூவரும் மூச்சை நிறுத்தினோம்.
பிறகு கத்தவில்லை.

படியெடுத்தால் போதாது, எண்ணவேண்டும்.
வைஃபையை நிறுத்திவிட்டு
இரண்டிலும் திறந்து
விலைச்சிட்டையின் பின்பக்கம் எழுதுகிறேன்.
வந்தவை 8,416. அங்கேயும் 8,416.
போனவை 5,092. சரி.
டொங்கிள் காலத்துப் பழைய கணக்கு,
ஒருவரும் திறக்காத அடுக்கு:
வந்தவை 211. போனவை 140.
அவுட்பொக்ஸ் 1.

ஒன்றா?

"மதிப்பிற்குரிய ஐயா,
இல்லாத அறுபது மூடைக்கு
என்னைக் கையெழுத்து வைக்கச் சொன்னீர்கள்.
வைக்கமாட்டேன்.
மாத முடிவோடு நிற்கிறேன்.
ம. சாரதாம்பிகை."

எட்டு ஆவணிக்கு முந்தைய ஒரு மாலை.
அனுப்பு என்பதை அழுத்தியது விரலுக்கு ஞாபகம்.
அழுத்தியதும் கரண்ட் போனதும் ஞாபகம்.
அடுத்த திங்கள் சேர் வந்தார்,
அந்தச் சிட்டையை நாலாகக் கிழித்து
தேநீர்க் கோப்பைக்குக் கீழே வைத்தார்.
ஒரு சொல் இல்லை.
மத்தியானம் என் பக்கத்துக்கு ஒரு காற்றாடி வந்தது.
வாசித்துவிட்டார் என்று நினைத்தேன்.
மாத முடிவு வந்தது. நான் நிற்கவில்லை.
வாசித்துவிட்டார் என்ற நினைப்பில்தான்
எட்டு வருடம் அவர் முகத்தை நேரே பார்த்தேன்.
ஒவ்வொரு பற்றுச்சீட்டையும் இரண்டுதரம் கேட்டேன்,
கேட்கலாம் என்று.

இது போகவேயில்லை.
அப்படியென்றால்
அந்தத் திங்கள் அவரைக் கிழிக்க வைத்தது யார்?

அழிக்க ஒரு விரல் போதும்.
அழித்தால் கணக்கு உதைக்கும்:
இங்கே ஒன்று, அங்கே பூச்சியம்.
அனுப்பவும் ஒரு விரல்தான்.
வைஃபை நின்றிருக்கிறது. அது என் கையில்.

"எல்லாம் வந்திட்டுதோ பிள்ளை?"
"வந்திட்டுது சேர். ஒண்டும் விடுபடேல்ல."
"அந்த ஒண்டு என்ன?"
சிட்டையைத் தலைகீழாகவே வாசிக்கிறார்,
கண்ணாடி இல்லாமல்.
"போகாம நிண்டது, சேர். பழசு."
"போகவேணுமோ?"

டிலக்சன் என்னைப் பார்க்கிறான்.
"பாப்பம்" என்றேன்.

அவர் லப்டொப்பின் மூலையில் நகத்தை வைத்து
பிளாஸ்ரிக்கை மெதுவாக உரிக்கத் தொடங்குகிறார்.
அது கிழிகிற சத்தம்
அறைக்குக் கொஞ்சம் பெரிது.

பழையதை ஒரு மாதத்துக்கு அழிக்கக்கூடாது,
டிலக்சனிடம் சொன்னேன்.
புதியது ஓடுகிறதென்று உறுதியாகத் தெரியும்வரை
இரண்டும் இருக்கட்டும்.
1, 1 என்று எழுதி
சரி போட்டேன்.