இரண்டு விரல் தள்ளி

திமிஷோராவில் ஜனவரி.
நீச்சலுடை விளம்பரம் ஒன்றை
இரவு பதினொன்றுக்குத் திருத்துகிறாள் ஸ்மராண்டா,
படத்துக்கு நாற்பது லேய்.

முதலில் அக்குள் மடிப்பு.
பிறகு தொடையின் வெள்ளை வரிகள்,
மணலில் நீர் வடிந்த தடம்போல் இருந்தவை.
இடுப்பை இன்னும் கொஞ்சம் என்று
மூன்றாம் முறையாக மின்னஞ்சல்.
அடிவயிற்றுத் தழும்பைத் துடைக்கையில்
கை ஒரு சொடுக்கு கூடப் போட்டுவிட்டது.
தொப்புளும் போயிற்று.

அவள் கவனிக்கவில்லை.
மேலாளர் கவனிக்கவில்லை, அச்சகம்,
ஏணியில் நின்று ஒட்டியவன்.

ஏழாம் எண் டிராம் நிறுத்தத்தில்
மூன்று வாரம் சிரித்துக்கொண்டிருந்தாள்
யார் வயிற்றிலும் பிறக்காத ஒருத்தி.
எதிரே
கம்பளிக் கோட்டுக்குள் வயிற்றை எக்கியபடி
பெண்கள் நின்றார்கள்.
அவர்களோடு ஸ்மராண்டாவும்.

நேற்றுக் காலை பார்த்தால்
உதட்டுச்சாயத்தால் யாரோ
ஒரு சுழி போட்டிருக்கிறார்கள்,
கோணலாக,
இருக்க வேண்டிய இடத்துக்கு இரண்டு விரல் தள்ளி.

டிராம் வந்தது, போனது.
கையுறையைக் கழற்றி
கோட்டுக்குள் கைவிட்டு
தன்னுடையதைத் தொட்டுப் பார்த்தாள்.
சில்லென்ற விரல்.
உள்ளே கொஞ்சம்
கம்பளிப் பஞ்சு சிக்கியிருந்தது.